அக்கா கல்யாணத்துக்கு அரைக்கை ரவிக்கை

உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்ட நாள்களின் தழும்பு கையில் தெரிகிறது, அக்கா கல்யாணத்துக்கு அரைக்கை ரவிக்கை தைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்கும் இடது கையில் உண்டு. ஆறு வருடம் சிங்கப்பூர் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தேன். கேட்டால், "ஆபீஸில் ஏர்கான் குளிர்." முதன்முதலில் அரைக்கையோடு போனது தேக்கா சந்தைக்குத்தான். மீதிச் சில்லறையை நீட்டிய கீரைக்காரரின் கண் ஒரு நொடி என் கையில் நின்றது. அப்புறம், "கறிவேப்பிலை வேணுமாம்மா?" அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஏனோ அழுதேன்.

மண்டபத்துச் சித்திமார் அப்படி விடமாட்டார்கள், நிஜம்தான். ஒரே வாக்கியம் தயாராக வையுங்கள்: "பழைய காயம் சித்தி, இப்ப நல்லா இருக்கேன், சாப்பிட்டீங்களா?" பொய்யும் இல்லை, முழுக்கதையும் இல்லை. அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். யாராவது நோண்டினால் பேச்சை மாற்ற ஓர் ஆள் வேண்டும்.

ரவிக்கையை அரைக்கையாகவே தைக்கக் கொடுங்கள். பையில் ஒரு மெல்லிய சால்வை இருக்கட்டும். அன்று மனம் வரவில்லையென்றால் போர்த்திக்கொள்ளுங்கள், அது தோல்வி இல்லை. புதுத் தழும்பு வெயிலில் கறுக்கும், வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இப்போதும் வருகிறதா? வந்தால் எஸ்ஓஎஸ் எனும் சிங்கப்பூர்த் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767 எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் ஆள் உண்டு. பேச வராவிட்டால் வாட்ஸ்அப்பில் 9151 1767.

சரி, புடவை என்ன நிறம்?