141 அடித்தவரும் போட்டியாளர்தான்

இந்த மாதம் வந்த கோல்ஃப் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: கிளப் போட்டியில் மிக அதிக ஸ்கோர் அடிக்கும் புதியவர்களை என்ன செய்வது? கோல்ஃபில் ஸ்கோர் என்பது ஸ்ட்ரோக்குகளின், அதாவது அடிகளின், எண்ணிக்கை; அது குறையக் குறைய நல்லது. ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனைப் பொறுத்து ஸ்கோரிலிருந்து கழிக்கும் எண்; புதியவருக்கு அது அதிகம். கழித்த பின் வருவது நெட். நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை.

கேள்வி: என் ஹேண்டிகேப் 6. போன மாத மெடல் போட்டியில் (ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும் எண்ணும் கிளப் போட்டி) எங்கள் மூவர் குழுவில் 54 ஹேண்டிகேப் உள்ள புதிய உறுப்பினர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். நான் 81. அவர் 141. நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் ஐந்தரை மணி நேரம் இழுத்தது. என் கவனமும் கெட்டது. ஹேண்டிகேப் 36-க்கு இறங்கும்வரை இவர்களை மெடலில் விடக் கூடாது என்று கமிட்டிக்கு எழுதப் போகிறேன். நான் கேட்பது நியாயம்தானே?

பதில்: உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் யாருக்குமே அதிகம். நீங்கள் சொல்லும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் 60 ஸ்ட்ரோக். தடையில்லாமல் ஆட முடிகிற நிலை வந்தபின் 40 விநாடிக்குள் ஆடிவிட வேண்டும் என்பது விதி 5.6 தரும் பரிந்துரை. அவர் ஒவ்வொரு முறையும் அந்த 40 விநாடியை முழுதாக எடுத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். 60 ஸ்ட்ரோக்குக்கு 40 நிமிடம். அந்த 60-ல் சில அபராத ஸ்ட்ரோக்குகள், சில குழி ஓரத்துப் புட்டுகள் (பந்தை மெல்ல உருட்டும் அடிகள்). அவற்றுக்கு அவ்வளவு நேரம்கூடப் பிடிக்காது. ஆனால் உங்களுக்குக் கூடுதலாகப் போனது ஒன்றரை மணி நேரம். மிச்ச 50 நிமிடம் எங்கே போயிற்று?

பந்து தேடியதில் போயிருக்கும். புரொவிஷனல் பந்து (முதல் பந்து தொலைந்தால் பயன்பட முன்கூட்டியே அடித்து வைக்கும் பந்து) அடிக்காமல் ரஃப் எனும் உயர்ந்த புல் வரை நடந்துபோய், கிடைக்காமல், ஹோலைத் தொடங்கும் இடமான டீக்குத் திரும்பி வந்ததில் போயிருக்கும். யார் முதலில் ஆடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றதில், குழியைச் சுற்றியுள்ள கிரீனின் இந்தப் பக்கம் பையை விட்டுவிட்டு அடுத்த டீ அந்தப் பக்கம் இருந்ததில், கிரீனிலேயே நின்று கார்டு எழுதியதில் போயிருக்கும். எல்லாம் பழக்கம் இல்லாததால் ஆகும் தாமதம். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் அவரோடு இரண்டு பேர் இருந்தீர்கள். பந்து தேடும் நேரம் 2019-லேயே ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. மூன்று நிமிடம் ஆனதும் “நேரம் முடிஞ்சுது, வாங்க போகலாம்” என்று நீங்களே சொல்லியிருக்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. புதியவருக்கு அது உதவி.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். மெடல் ஆட்டத்தில் ஒவ்வொரு ஹோலிலும் பந்தைக் குழிக்குள் போட்டே ஆக வேண்டும். போடாமல் அடுத்த ஹோலுக்குப் போய் ஆடிவிட்டால் தகுதி நீக்கம். ஆக, பத்தாவது ஸ்ட்ரோக்கில் பந்தைக் கையில் எடுத்துவிட்டு நகர்ந்துவிட அவருக்கே ஆசை இருந்தாலும் விதி விடாது. அவரை அங்கே நிற்க வைத்தது கமிட்டி தேர்ந்தெடுத்த போட்டி வகை. ஒவ்வொரு ஹோலுக்கும் பாயின்ட் தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் என்றால், பாயின்ட் கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துவிடலாம். விதி 21.2-ல் மேக்ஸிமம் ஸ்கோர் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. அதுவும் மெடலைப் போல ஸ்ட்ரோக்குகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேதான். ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு இவ்வளவு என்று கமிட்டி நிர்ணயிக்கும்: பாரின் (அந்த ஹோலுக்கு வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) இரு மடங்கு என்றோ, நெட் டபுள் போகி (பாருக்கு மேல் இரண்டு, அதோடு ஹேண்டிகேப்பால் அந்த ஹோலில் கிடைக்கும் ஸ்ட்ரோக்குகள்) என்றோ. அந்த எண்ணைத் தொட்டதும் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இத்தனை நல்ல வழி விதிப் புத்தகத்திலேயே இருக்கும்போது, ஆளை வெளியேற்றும் வழியை ஏன் முதலில் தேடுகிறோம்?

சில காலம் முன்பு இப்படி ஒருவருக்கு நான் மார்க்கராக, அதாவது ஸ்கோர் குறிப்பவராக, இருந்தேன். ஒரு பார் 4-ல் மூன்றாவது ஸ்ட்ரோக்கில் கிரீனை ஒட்டிய பங்கருக்குள் (மணல் பள்ளம்) பந்து போய்விட்டது. அடித்தார். மணல் பறந்தது. பந்து விளிம்பில் முட்டி, உருண்டு, அவருடைய காலடித் தடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை அடித்த பிறகு அவர் பந்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். உடன் வந்த இன்னொருவர் கிரீனின் அந்தப் பக்கத்தில் புட்டரை ஊன்றிக்கொண்டு வாட்சைப் பார்த்தபடி நின்றார். நான் ரேக்கை எடுத்துக்கொண்டு பங்கர் ஓரத்துக்குப் போனேன். “மணலை நான் சரி பண்ணிடறேன், நீங்க ஆட்டத்தைப் பாருங்க” என்றேன். “விதிப்படி எனக்கு வேற வழி இருக்குங்களா?” என்று கேட்டார்.

இருக்கிறது. ஆட முடியாத பந்து என்று முடிவு செய்தால், ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தில் பங்கருக்குள்ளேயே டிராப் செய்யலாம் (பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம்), அல்லது முன்பு அடித்த இடத்துக்கே போகலாம். இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் ஏற்றால் பங்கருக்கு வெளியே, குழிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போய் டிராப் செய்யலாம். கடைசியாகச் சொன்னது 2019-ல் வந்த வசதி. பல வருடம் ஆடியவர்களுக்கே இது தெரிவதில்லை. வழிகளை அவரிடம் சொன்னேன். எதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் அது அறிவுரை, எனக்கு இரண்டு ஸ்ட்ரோக் போய்விடும். விதி என்ன என்று சொல்வது அறிவுரை ஆகாது. அவர் வெளியே வந்து டிராப் செய்தார், ஒரு சிப், இரண்டு புட். கார்டில் 11 எழுதினேன். தோள் இறங்கியிருந்தது, ஆனால் அடுத்த டீக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார். அந்த ஹோலில் நாங்கள் நேரம் எதையும் இழக்கவில்லை.

இந்தப் பேச்சு வரும்போது உங்களைப் போன்ற சிலர் மோரிஸ் ஃப்ளிட்கிராஃப்டை இழுப்பார்கள். 1976-ல் ஓப்பன் சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில், ஃபார்ம்பி மைதானத்தில் 121 அடித்த கிரேன் ஓட்டுநர். அமெச்சூர் என்று விண்ணப்பித்தால் ஹேண்டிகேப் காட்ட வேண்டும் என்பதால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று குறித்துவிட்டார். அங்கே நடத்தியவர்கள் கோபப்பட்டதில் அர்த்தம் உண்டு. அது உலகின் முதல்தர ஆட்டக்காரர்களுக்கான வாசல். கிளப் மெடல் அப்படி இல்லை. அதன் வாசல் ஹேண்டிகேப். உங்கள் குழுவில் வந்தவர் முறைப்படி கார்டுகள் கொடுத்து ஹேண்டிகேப் வாங்கி, கட்டணம் கட்டி, பெயர் கொடுத்து வந்தவர். 2020-ல் உலக ஹேண்டிகேப் முறை வந்தபோது ஆண், பெண் இருவருக்கும் உச்சவரம்பு 54.0 என்று வைத்தது அவரைப் போன்றவர்களை உள்ளே அழைக்கத்தான். அதற்குக் குறைவான வரம்பை ஒரு போட்டிக்கு வைக்கக் கமிட்டிக்கு அதிகாரம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மாதாந்திர மெடலுக்கு அப்படி ஒரு வரம்பு வந்தால் நான் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1998-ல் அமெரிக்காவின் பே ஹில் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஜான் டேலி ஒரே ஹோலில் 18 அடித்தார். 2011 டெக்சஸ் ஓப்பனில் இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரர் கெவின் நா ஒரு பார் 4-ல் 16 அடித்தார். அவர்களோடு ஆடியவர்கள் நின்று காத்திருந்துவிட்டு, தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள். 81 உங்கள் ஸ்கோர். அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

கமிட்டிக்கு எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். 54 ஹேண்டிகேப்காரர்களைத் தடை செய்யச் சொல்லாமல், மேக்ஸிமம் ஸ்கோர் முறையில் மெடலை நடத்தச் சொல்லி எழுதுங்கள். முதல் ஆளாக நான் ஆதரிப்பேன்.

கேள்வி: ஆடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் போட்டியில் 138 அடித்தேன். முடித்து வரும்போது, “இவங்கல்லாம் இன்னும் பிராக்டிஸ் ரேஞ்சிலேயே இருக்கலாமே” என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அன்று முழுக்க உடன் ஆடியவர்கள் என் ஸ்விங்கைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். இன்னும் ஒரு வருடம் போட்டிப் பக்கம் போகாமல் இருக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அடுத்த போட்டிக்கே பெயர் கொடுங்கள்.

அந்த வார்த்தை சொன்னவர் மறந்திருப்பார், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விதிப் புத்தகத்தின் முதல் பக்கங்களில், 1.2-ல், பிறர்மேல் அக்கறை காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அது எல்லா ஹேண்டிகேப்புக்கும் சேர்த்து எழுதியது.

உங்கள் ஸ்விங்கைத் திருத்தியவர்களுக்கும் ஒரு செய்தி. போட்டி நடக்கும்போது “தலையைத் தூக்காதீங்க”, “அந்த கிளப் வேணாம், இதை எடுங்க” என்று சொல்வது விதி 10.2-ன்படி அறிவுரை. சொன்னவருக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். நீங்களாகக் கேட்டால் உங்களுக்கும் அதே அபராதம். தூரம் எவ்வளவு, எல்லைக்கோடு எங்கே, விதி என்ன என்று தாராளமாகக் கேட்கலாம். அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால், “ஆட்டம் முடிஞ்சதும் சொல்லுங்களேன், கேட்டுக்கறேன்” என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். பந்து தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்த உடனே, முன்னால் போகாமல், “புரொவிஷனல்” என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். நீங்கள் தயாராக இருந்து, யாருக்கும் ஆபத்தில்லை என்றால் முறைக்காகக் காத்திராமல் ஆடுங்கள். ஸ்ட்ரோக் பிளேயில் அதை விதியே ஊக்குவிக்கிறது. மற்றவர் புட் அடிக்கும்போதே உங்கள் புட்டின் சரிவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தால், 138 அடித்தாலும் யார் கூடவும் ஆடலாம்.

என் சொந்த விருப்பம், முதல் சில போட்டிகளை ஸ்டேபிள்ஃபோர்ட்டாகப் பார்த்து ஆடுங்கள். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் கண்டுபிடித்த இந்த முறையில் முதல் போட்டி 1932-ல் வாலஸி கிளப்பில் நடந்தது. ஆரம்பத்திலேயே ஒரு மோசமான ஹோல் வந்ததும் ஆட்டக்காரர் மனம் விட்டுப்போவதைத் தடுப்பதுதான் அவர் நோக்கம். ஒரு பார் 4-ல் உங்களுக்கு ஹேண்டிகேப்பால் மூன்று ஸ்ட்ரோக் கிடைக்கிறது என்றால், 7 அடித்தால் இரண்டு பாயின்ட், 8-க்கு ஒன்று. எட்டாவதும் உள்ளே போகவில்லையா, பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெடலிலும் பயப்பட ஒன்றுமில்லை. அதே ஹோலில் 13 அடித்தால் போட்டிக் கணக்கில் 13 நிற்கும். ஹேண்டிகேப் கணக்குக்கு நெட் டபுள் போகி, அதாவது 9 மட்டுமே போகும்.

கேள்வி: 54 ஹேண்டிகேப் ஆள் நெட் 60 அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இது என்ன நியாயம்?

பதில்: கற்றுக்கொண்டிருப்பவர் வேகமாக முன்னேறுவார், ஹேண்டிகேப் எண் பின்னாலேயே வரும். மொத்தம் 54 ஹோல் கார்டு கொடுத்தாலே முதல் ஹேண்டிகேப் கிடைத்துவிடுகிறது, அதனால் தொடக்கத்தில் அந்த எண் சற்று ஆடும். கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8-ன் சராசரி என்ற நிலைக்கு வந்ததும் நிலைப்படும். வழக்கத்தை மீறி நல்ல ஸ்கோர் வந்தால் அந்த ஆட்டத்தின் டிஃபரன்ஷியலை (மைதானத்தின் கடினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஸ்கோர் எண்) ஹேண்டிகேப்போடு ஒப்பிட்டு, 7.0 அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் 1, 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2 என்று கூடுதலாகவே வெட்டிவிடுவார்கள். அடுத்த மாதம் அவர் 54-ல் இருக்க மாட்டார். உங்கள் கிளப்பில் ஹேண்டிகேப் பிரிவுகளுக்குத் தனித்தனிப் பரிசு இல்லையென்றால், அதைக் கேளுங்கள். அந்தக் கோப்பை அவருடையது. கை கொடுத்து வாழ்த்துங்கள்.

கேள்வி: நான் கமிட்டி உறுப்பினர். ஆண்டு விழாவில் கடைசியாக வந்தவரை மேடைக்கு அழைத்து மரக்கரண்டி பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லோரும் ரசிப்பார்கள். இந்த வருடம் அது புதிய உறுப்பினர் ஒருவருக்குப் போகிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இருபது வருடம் ஆடியவர் அதை வாங்கிக்கொண்டு நண்பர்களோடு சேர்ந்து சிரிப்பார். புதிதாக வந்தவருக்கு அந்தக் கூடத்தில் இன்னும் நண்பர்களே இல்லை. “எல்லோரும் ரசிப்பார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எல்லோரில் அவரைச் சேர்த்துப் பார்த்தீர்களா?

அவருடைய முதல் கார்டையும் கடைசிக் கார்டையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இருபது, முப்பது ஸ்ட்ரோக் குறைந்திருக்கும். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர் எவரும் ஒரே வருடத்தில் அவ்வளவு குறைத்திருக்க மாட்டார். அதிகம் முன்னேறியவர் என்று ஒரு பரிசு வையுங்கள். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் மரக்கரண்டியை எடுத்துவிடுங்கள்.