காற்றடிக்கும் காலையில் மாட்டின் நிழலுரு: ட்ரைபாட் வாங்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி: விடியற்காலையில் மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் மாடுகளை, பின்னால் சூரியன் இருக்க, கறுப்பு உருவமாக எடுக்க ஆசை. காற்றில்லாத நாளில் ஓரளவு வருகிறது. காற்று அடித்தால் படம் ஷேக் ஆகிவிடுகிறது. சில படங்களில் மாடு கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. படப் பயணம் நடத்தும் ஒருவர், "கனமான ட்ரைபாடும் ஒரு ஃபில்டர் செட்டும் வாங்குங்கள், எங்களோடு வாருங்கள், மாடுகளை நாங்களே ஓட்டிவிடுகிறோம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ட்ரைபாடும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம். அந்தப் பயணம் நிச்சயமாக வேண்டாம்.

ட்ரைபாட் கேமராவின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். உங்கள் படத்தில் ஆடுவது மாட்டின் வால், காது, காலடியில் இருக்கும் புல். அதை நிறுத்த ஷட்டர் திறந்து மூடும் வேகத்தால் மட்டுமே முடியும். மாடு நின்றால் 1/500 நொடி, நடந்தால் 1/1000, ஓடினால் இன்னும் வேகம். "அந்த நேரத்தில் வெளிச்சம் போதாதே, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளி புள்ளியாக வருமே" என்று தயங்குவீர்கள். புள்ளிகள் அதிகம் உறுத்துவது இருட்டான இடங்களில். இந்தப் படத்திலோ இருட்டான இடம் முழுக்கக் கறுப்பாகவே இருக்கப் போகிறது. 800, 1600 என்று தைரியமாக வையுங்கள். சூரியன் தலைகாட்டிய பிறகு அவ்வளவும் தேவைப்படாது. ட்ரைபாட் ஏற்கெனவே கையில் இருந்தால் கால்களை விரித்துத் தாழ்வாக வையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கேமராவின் வாரைக் கழற்றிவிடுங்கள். அது காற்றில் படபடத்துக் கேமராவையே ஆட்டும்.

ஃபில்டர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. உங்களுக்கு விற்கப் பார்ப்பது அநேகமாக மேல்பாதி மட்டும் கறுத்திருக்கும் ஃபில்டர். வானத்தை அடக்கித் தரையைத் தெளிவாகக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. நமக்கோ தரையும் மாடும் தெரியவே கூடாது! வேலைக்கு நேர் எதிரான பொருளைப் புதிதாக வருபவர்கள் தலையில் கட்டுகிறார்கள். தவிர, சூரியனைப் பார்த்துப் பிடிக்கும்போது லென்ஸ் முன்னால் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் கண்ணாடியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். படத்தில் மிதக்கும் பச்சை, ஊதா வட்டங்கள் அப்படியும் வருபவைதான். மாடு சாம்பல் நிறமாவதற்கும் இது ஒரு காரணம். லென்ஸின் பாதுகாப்புக்கென்று மாட்டியிருக்கும் சாதாரணக் கண்ணாடியைக்கூட அந்தச் சில நிமிடங்களுக்குக் கழற்றிவையுங்கள். லென்ஸில் படியும் தூசியும் அதே வேலையைச் செய்யும். முதலில் ஊதும் குமிழால் ஊதுங்கள், அப்புறம் துடையுங்கள். மணல்துகளோடு துடைத்தால் கீறல் விழும்.

போனில் எடுப்பவராக இருந்தால் வேறொரு காரணமும் உண்டு. இன்றைய போன்கள் இருட்டு என்றாலே தவறு என்று தாங்களாக முடிவு செய்துகொண்டு, பல படங்களை ஒன்றாகச் சேர்த்து மாட்டின் உடம்பை வெளிறவைக்கின்றன. அந்தப் படங்களுக்கு இடையில் காற்றில் வால் அசைந்திருக்கும். அதனால் வால் இரண்டு, காது மூன்று என்று பேய் உருவம் வரும். இப்படிச் சேர்க்கும் எச்டிஆர், நைட் மோட் இரண்டையும் அணையுங்கள். அதை அணைக்கும் இடத்தை எத்தனை பட்டியல்களுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள் பாருங்கள்! எடுப்பவர் இருட்டை விரும்பியே கேட்கலாம் என்று வடிவமைப்பவர்களுக்குத் தோன்றவே இல்லை. அணைத்த பிறகு, சூரியனை அல்ல, அதன் பக்கத்து வானத்தை விரலால் அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். திரையில் தோன்றும் வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள், மாடு கறுக்கும்வரை. கேமராவானாலும் இதே வழிதான், வானத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுங்கள். ஃபோகஸை மட்டும் மாட்டின் முதுகுக்கோட்டில் வையுங்கள். முன்னால் ஆடும் புல்லில் வைத்தால் கோட்டைவிடுவீர்கள்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்தீர்களா?

குளிர்ந்த காற்று பலமாக அடிக்கும்போது மாடும் குதிரையும் காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்கும். முகத்தில் காற்று படாமல் இருக்க அவை செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் கிழக்கே பார்த்து நிற்கிறீர்கள். காற்று கிழக்கிலிருந்து வந்தால் மாடு உங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். மேற்கிலிருந்து வந்தால் உங்களுக்குப் பின்புறத்தைக் காட்டும். இரண்டிலும் கிடைப்பது நாலு காலும் ஒட்டிப்போன ஒரு கறுப்பு மூட்டை. கொம்பு, தாடை, திமில், வயிறு, கால் என்று எல்லாம் தனித்தனியாகத் தெரிய மாடு பக்கவாட்டில் நிற்க வேண்டும். அதற்குக் காற்று வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வர வேண்டும். முந்தைய இரவே காற்றின் திசையைப் பார்த்துவிட்டு, கிழக்கு, மேற்குக் காற்று என்றால் பேசாமல் தூங்குங்கள். காற்று வாகாக இருந்தால், மேட்டில் நிற்கும் மாட்டைப் பள்ளத்திலிருந்து, முடிந்தால் தரையில் படுத்துக்கொண்டு எடுங்கள். கால்களுக்கு இடையில் வானம் தெரிய வேண்டும்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல படங்கள் பலவும் இந்த விலக்கில்தான் கிடைக்கின்றன. காற்றுக்குப் பின்புறம் காட்டி நிற்கும் மாட்டின் வால் பறக்காது. காற்று அதைத் தொடையோடும் கால்களுக்கு இடையிலும் ஒட்டவைத்துவிடும். குதிரையின் பிடரியும் முன்னோக்கிக் கலைந்து கழுத்தின் கோட்டை மறைக்கும். ஆகவே நின்றிருக்கும் மாடு பக்கவாட்டில் அழகாக இருக்கும், ஆனால் காற்று அடிக்கிறது என்பதே படத்தில் தெரியாது. வால் பின்னால் நீண்டு பறக்க வேண்டும் என்றால் மாடு காற்றை எதிர்த்து நடக்க வேண்டும். சும்மா அது அப்படிச் செய்யாது. தண்ணீருக்கோ தீவனத்துக்கோ, பட்டியிலிருந்து மேய்ச்சலுக்கோ போகும் வழி காற்றுக்கு எதிராக அமைந்தால் மட்டும் செய்யும். அந்த வழியும் உங்களுக்குக் குறுக்காக, வடக்கு தெற்காக ஓட வேண்டும். அவை தினமும் எந்த நேரத்தில், எந்த வழியாகப் போகின்றன என்று மேய்ப்பவரிடம் கேளுங்கள். மாட்டுக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம். அந்த ஒரு பேச்சு எந்த ட்ரைபாடையும்விட உபயோகம்.

"நாங்களே ஓட்டிவிடுகிறோம்" என்பவர்களை நான் இவ்வளவு வெறுப்பதற்குக் காரணம் இதுதான். காற்றுள்ள காலையில் மாடுகளுக்குச் சத்தம் சரியாகப் பிரிந்து கேட்காது, ஏற்கெனவே மிரட்சியோடு இருக்கும். அப்போது தூசி கிளம்ப வேண்டும் என்பதற்காகக் கம்போடு விரட்டுகிறார்கள். ஒருமுறை சினை மாடு ஒன்று இடறி முட்டி போட்டு விழுந்ததைப் பார்த்தேன். பத்துப் பேர் அதையும் படம் எடுத்தார்கள். அதோடு அப்படிப்பட்ட பயணங்களில் கலந்துகொள்வதை விட்டுவிட்டேன். நீங்கள் தனியாகப் போனாலும் மாட்டுக்கு நேர் பின்னாலிருந்து நெருங்காதீர்கள், அங்கே அதற்குக் கண் தெரியாது. கன்றோடு இருக்கும் பசுவை நெருங்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாட்டின் முதுகை அணைத்தபடி தட்டு போல் பெரிய சூரியன் இருக்கும் படங்களைப் பார்த்து ஏங்காதீர்கள். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். மாடு 100 மீட்டர் தொலைவில் இருந்தால் சூரிய வட்டம் அந்த இடத்தில் சுமார் 90 சென்டிமீட்டர் அகலத்தைத்தான் மறைக்கும். மாட்டின் முழு உடலும் வட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் நீங்கள் சுமார் 250 மீட்டர் தள்ளி நின்று, நீண்ட லென்ஸால் எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்ததாகச் சொல்லும் படங்களில் சூரியன் ஒட்டப்பட்டது. இந்த எளிய கணக்கைக்கூடப் போடாமல் போட்டிகளில் அவற்றுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், அதற்கு நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். நேர்மையாக விடியலில் காத்திருப்பவருக்கு இதைவிட அநியாயம் உண்டா?

நீண்ட லென்ஸ் என்றதும் ஓர் எச்சரிக்கை. கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்கும் வகைக் கேமராவில் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள், கண் போய்விடும். பின்பக்கத் திரையில் பாருங்கள். எடுக்காத நேரத்தில் லென்ஸை மூடிவையுங்கள்.

சூரியன் தன் அகலம் அளவுக்கு நகர 2 நிமிடமே ஆகும். ஆகவே உதயத்துக்கு அரை மணி முன்னதாகவே இடம் பிடித்து, தயாராகிவிடுங்கள். ட்ரைபாடுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள்.