மழை விட்டும் வடியாத கிரீன்: மே, ஜூனில் செய்ய வேண்டியவை

கேள்வி: ஓசூர் அருகே ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் திடலின் பராமரிப்பைக் கவனிக்கிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் திடலை மூடிவிடுவோம். கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளங்களில், மழைத் தண்ணீர் தேங்குகிறது. கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது. செம்மண் பரப்பிப் புதுப் புல் பதிக்கலாம் என்கிறது நிர்வாகக் குழு. செய்யலாமா?

பதில்: செம்மண் வேண்டாம். அடியில் மணல் இருக்க, அதன்மேல் களி கலந்த செம்மண்ணை ஒரு விரற்கடை கனத்துக்குப் போட்டாலும் நீர் இறங்கும் வழி அங்கேயே அடைபட்டு, தேக்கம் இன்னும் கூடும். புதுப் புல்லும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

முதலில் கிரீனின் விளிம்புக்கு அப்பால் வடிகால் குழாய் வெளியேறும் வாயைத் தேடிப் பாருங்கள். அது மண்ணாலோ வேராலோ அடைபட்டிருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை.

அடுத்து, குழி வெட்டும் உங்கள் 108 மில்லிமீட்டர் கருவியைத் தண்ணீர் அதிகம் தேங்கும் இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தி, வரும் மண் உருளையைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பச்சைக்குக் கீழே தேங்காய் நார்போலப் பழுப்பாக ஓர் அடுக்கு தெரியும். அது மட்காத தண்டும் வேரும் சேர்ந்தது. 12 மில்லிமீட்டருக்கு மேல் அது தடித்திருந்தால் பஞ்சுபோல நீரைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அமுங்கல் பெரும்பாலும் இதனால்தான். வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அந்த ஆழத்தில் மண் இறுகியிருக்கிறது. கரிய பட்டை ஒன்று தெரிந்து, அழுகிய முட்டை வாடையும் அடித்தால் அங்கே காற்றே புகவில்லை என்று பொருள்.

இவை அனைத்துக்கும் மருந்து ஒன்றே: துளையிட்டு மணல் நிரப்புவது. உங்கள் கிரீனில் இருப்பது பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் கலப்பின வகை என்றே கொள்கிறேன். அது வெயிலில் வளரும் புல். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகும். அப்போது துளையிட்டால் புண் எளிதில் ஆறாது. கோடை மழையும் சூடும் சேரும் மே மாதமே ஏற்றது என்பதால், திடலை மூடும் காலம் உங்களுக்கு நன்றாகவே வாய்த்திருக்கிறது.

குழாய் வடிவ முள் பொருத்திய இயந்திரத்தால் 12 மில்லிமீட்டர் விட்டம், 8 சென்டிமீட்டர் ஆழம், 5 சென்டிமீட்டர் இடைவெளி என்ற கணக்கில் துளையிட்டு, வெளிவரும் மண் துண்டுகளை முழுவதுமாக அள்ளிவிடுங்கள். 450 சதுர மீட்டர் கிரீனில் துளைகள் மட்டும் 1.6 கன மீட்டர் மணலைக் கொள்ளும். மேற்பரப்பில் தூவும் மணலையும் சேதாரத்தையும் சேர்த்தால் கிரீனுக்கு ஒரு யூனிட் (100 கன அடி, ஏறத்தாழ 2.8 கன மீட்டர்) என்று மதிப்பிட்டு ஏப்ரலிலேயே வாங்கிக் காய வைத்துவிடுங்கள். ஈர மணல் துளைக்குள் இறங்காது.

எந்த மணல் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிரஷர்கள் மலிந்த மாவட்டத்தில் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், எளிதில் கிடைக்கும். ஆனால் கழுவாத எம்-சாண்டில் உள்ள கல் தூள் துளைகளைச் சிமென்ட் போல அடைத்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதி நீருமாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணலின் மேல் வண்டல் பட்டையாகப் படிந்தால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெரும்பகுதி கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள மணலாக இருப்பது நல்லது.

மணலைத் தென்னந்துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிய பின், சதுர மீட்டருக்கு 25 கிராம் அம்மோனியம் சல்பேட் தூவி உடனே நீர் பாய்ச்சுங்கள்; தாமதித்தால் இலை கருகும். ஆழ்துளைக் கிணற்று நீரானால் அதன் உப்பளவையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் துளைகள் மூடிவிடும். பழுப்பு அடுக்கு மிகத் தடித்திருந்தால் ஜூன் நடுவில் இன்னொரு முறை செய்யலாம்.

பங்கர்கள் என்னும் மணல் பள்ளங்களைக் கிளறிவிடுவது, கிரீனுக்கு இட்டுச் செல்லும் புல்வெளியான ஃபேர்வேயில் கோரையைக் களைவது போன்றவை ஆள் இருக்கும் நாளில் நடக்கட்டும். கிரீனுக்கான நாட்களை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

துளையிடும் முன்பே புல் வெட்டும் உயரத்தை 6 மில்லிமீட்டராக உயர்த்தி, புல் மூடிய பிறகு சிறிது சிறிதாகக் குறையுங்கள். மணல் தூவியபின் முதல் இரண்டு வெட்டுக்கும் பழைய பிளேடையே பூட்டுங்கள். புதியதைப் பூட்டினால் மேலே எஞ்சிய மணலில் அதன் முனை அன்றே மழுங்கிவிடும்.