அச்சகத்து எழுத்துத் தட்டில் செப்புச் சாமான்

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடை ஒன்றில், சின்னச் சின்ன அறைகள் நிறைந்த மரத்தட்டு ஒன்று வாங்கினேன். அச்சகத்தில் இருந்ததாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்து, ஹால் சுவரில் மாட்டி, பாட்டியின் பித்தளைச் செப்புகளையும் பழைய காசுகளையும் அதில் அடுக்க ஆசை. வீட்டில் 2 வயதுப் பேரன் இருக்கிறான். எப்படிச் செய்வது?

பதில்: முதலில் அந்த உப்புத்தாளை எடுத்து வைத்துவிடுங்கள். இந்தத் தட்டை மட்டும் தேய்க்கவே கூடாது.

இந்தத் தட்டில் இருந்த அச்சுக் கோக்கும் எழுத்துகள் ஈயம், ஆன்டிமணி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. அதில் பெரும்பங்கு ஈயம்தான். வருடக்கணக்கில் எழுத்துகளை எடுப்பதும் போடுவதுமாக இருந்ததில், அறைகளின் மூலைகளில் கறுப்பாகப் படிந்திருப்பது வெறும் அழுக்கு அல்ல, ஈயத்தூளும் மையும் சேர்ந்த கலவை. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது வீடெங்கும் பறக்கும். தரையில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது நேராக உள்ளே போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது.

பயந்து தட்டைத் தூக்கிப்போட வேண்டாம். ஈரமாகச் சுத்தம் செய்தால் போதும். பேரன் வீட்டில் இல்லாத ஒரு நாளில், மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் அவசியம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வோர் அறையாகத் துடையுங்கள். மூலைகளுக்கு ஈரமான பழைய பல்துலக்கி. துணியை அடிக்கடி மாற்றி, கறுப்பு வருவது நிற்கும்வரை தொடருங்கள். தட்டை நீரில் ஊறப்போட்டால் பலகை நெளிந்துவிடும். பித்தளைக்குப் போடுகிற பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ போட்டுவிடாதீர்கள், புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். துடைத்த துணிகளைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாமல் கட்டி எறிந்துவிடுங்கள்.

நிழலில் 2, 3 நாள் காயட்டும். அப்புறம் பெயின்ட்டுக்குப் பதிலாக அரக்கு கலந்த பிரெஞ்ச் பாலிஷ் 2 கை பூசுங்கள். மிச்சமிருக்கும் தூளை அது மரத்தோடு அடைத்துவிடும். பிற்பாடு வேண்டாம் என்றால் ஸ்பிரிட் போட்டு எடுத்துவிடலாம். பெயின்ட்டை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது, சுரண்ட வேண்டிவரும். மறுபடி அதே ஈயத்தூள்!

வெள்ளையடிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தத் தட்டின் அறைகள் ஒரே அளவில் இருக்காது. அடிக்கடி வரும் எழுத்துக்குப் பெரிய அறை, கைக்குப் பக்கத்தில்; எப்போதோ வரும் எழுத்துக்குச் சின்ன அறை, ஓரத்தில். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் கை போய்வந்த வழி அந்த மரத்தில் பதிந்திருக்கிறது. சில அறைகளில் எழுத்தின் பெயர் எழுதிய காகிதத் துண்டுகூட ஒட்டியிருக்கலாம். அதில் யானைத் துதிக்கை போலச் சுழித்த பழைய ‘லை’, ‘ணை’ இருந்தால் பத்திரம். தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் புழங்கிய வடிவங்கள் அவை. செப்புகள் பெரிதாக இருக்கின்றன என்று தடுப்புகளை உடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. செப்பு அடுப்பும் குடமும் பெரிய அறைகளில் உட்காரும். கரண்டியும் காசும் சிறியவற்றுக்குப் போதும்.

சரி, மாட்டுவது. இது படுக்கவைத்துப் பயன்படுத்த உருவான தட்டு. சுவரில் நிறுத்தும்போது மெல்லிய தடுப்புகள்தான் எடையைத் தாங்க வேண்டும். ஆடும் தடுப்புகளை முதலில் மரப்பசையால் ஒட்டிவிடுங்கள். கனமான பித்தளை கீழ் வரிசைகளில் இருக்கட்டும். ஆணியும் கம்பியும் நம்பத்தக்கவை அல்ல. முக்கால் அங்குலப் பலகை ஒன்றை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்துத் தரச் சொல்லி ஆசாரியிடம் கேளுங்கள். ஒரு துண்டு தட்டின் முதுகில், மற்றது சுவரில். ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போல உட்கார்ந்துகொள்ளும். முதுகுத் துண்டின் திருகுகள் வெளிச் சட்டத்தில் இறங்க வேண்டும், அடிப்பலகையில் அல்ல. சுவரில் துளை போட்டு ராவல் பிளக் வைத்துத் திருகுங்கள். இதனால் சுவருக்கும் தட்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்றும் போகும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் இரண்டும் வேண்டாம். பேரன் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரம் முக்கியம். சின்னக் காசு தொண்டையில் சிக்கும்.

செப்புகளை வழக்கம்போலப் புளி போட்டுத் துலக்கலாம், ஆனால் ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே தட்டில் வையுங்கள். காசுகளைத் துலக்கவே வேண்டாம். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா உங்களிடம் இருந்தால், அதன் பழுப்பு நிறம்தான் அதற்கு மதிப்பு. பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்த காசுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். ஒவ்வொரு காசுக்கும் அடியில் பாலியெஸ்டர் தாள் ஒன்றை வெட்டிப் போடுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏற்றிவிடும். பொருள் நழுவாமல் இருக்கத் தேன்மெழுகு வைக்கச் சொல்வார்கள். கண்ணாடிப் பொருள்களுக்கு அது சரி. செம்பு, பித்தளைக்கு அதுவும் பச்சை பிடிக்கவைக்கும். அவற்றுக்கு மியூசியம் வாக்ஸ், அதாவது அருங்காட்சியகங்களில் பொருள் நழுவாமல் வைக்கும் மெழுகு, வாங்கிக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும்போது அறை இடுக்கில் ஓர் ஈய எழுத்து அகப்பட்டாலும் அகப்படும். அதை மூடி இறுகிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, அதே தட்டின் மேல் வரிசையில் வையுங்கள். வைத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.