டோக்கியோவில் 5 லட்சம் கூடுதல்... ஆனாலும் சியோலுக்குப் போகலாமா?

கேள்வி: வயது 34. கோவையில் ஐ.டி. வேலை. டோக்கியோவில் ஆண்டுக்கு 90 லட்சம் யென், சியோலில் 7.5 கோடி வொன் என இரண்டு ஆஃபர்கள் வந்திருக்கின்றன. மனைவி, நான்கு வயது மகளோடு ஐந்து வருஷம் இருந்துவிட்டு, திரும்பி வந்து வீட்டுக் கடனை அடைக்கத் திட்டம். எங்கே அதிகம் மிஞ்சும்?

பதில்: கணக்குக்காக 100 யென் 55 ரூபாய், 1,000 வொன் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோ சம்பளம் 50 லட்சம் ரூபாயைத் தொடுகிறது, சியோல் 45 லட்சம். உடனே டோக்கியோவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நீங்கள் திரும்பி வரப்போகிறவர். அதனால் கிளம்பும் நாளில் கைக்கு என்ன வரும் என்பதை முதலில் பார்ப்போம்.

கொரியாவில் தேசிய பென்ஷனுக்கு 2026 முதல் சம்பளத்தில் 9.5% போகிறது. பாதி உங்களுடையது, பாதி கம்பெனியுடையது. வருஷத்துக்கு அரை சதவீதம் கூடிக்கொண்டே போய் 2033-ல் 13% ஆகும். இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், நாட்டைவிட்டு ஒரேயடியாகக் கிளம்பும்போது இரண்டு பாதியும் வட்டியோடு திரும்பக் கிடைக்கும். உங்கள் சம்பளத்துக்கு ஐந்து வருஷத்தில் 23 லட்சம் ரூபாய்க்கு மேல் சேரும். அப்புறம் பணிக்கொடை. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், சட்டப்படி. அது வரிக்கு முன் 18 லட்சம். ஆக, 40 லட்சத்தைத் தாண்டுகிறது.

ஆனால் ஆஃபர் லெட்டரை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். 7.5 கோடி என்பது பணிக்கொடையையும் சேர்த்துச் சொன்ன தொகையாக இருந்தால், அதை 13-ஆல் வகுத்து வருவதுதான் உங்கள் மாதச் சம்பளம். வெளிநாட்டவருக்கு 19% ஒரே விகித வரி என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது பெரிய சம்பளக்காரர்களுக்கு. உங்களுக்குச் சாதாரண அடுக்கு வரியே குறைவு.

ஜப்பானிலும் பென்ஷன் பணம் திரும்ப வரும், ஆனால் ஏறக்குறைய உங்கள் பாதி மட்டும்தான். அதிகபட்சம் ஐந்து வருஷக் கணக்கு. உங்களுக்குச் சுமார் 35 லட்சம் யென், அதாவது 19 லட்சம் ரூபாய். அதிலும் 20.42% வரி பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். கிளம்புமுன் அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். ஊர் வந்து இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்கவில்லை என்றால் எல்லாமே போச்சு. பணிக்கொடை தரவேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை.

இன்னொன்று, குடியிருப்பு வரி. முந்தைய வருட வருமானத்தில் கழிவுகள் போக மிஞ்சுவதில் சுமார் 10%. முதல் வருஷம் கிடையாது என்பதால் மிச்சம் நன்றாகத் தெரியும். அடுத்த ஜூனிலிருந்து பிடிக்க ஆரம்பிப்பார்கள்; முழு வருடச் சம்பளம் கணக்கில் வந்ததும் அது மாதம் 40,000 யென் அளவுக்குப் போகும். என்னிடம் ஆலோசனை பெறும் ஒருவர், “சம்பளத்தைக் குறைச்சிட்டாங்க சார்” என்று பதறிப்போய் போன் செய்ததே இதற்காகத்தான். வாடகை வீட்டுக்கும் வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’ என்று ஒன்று கேட்பார்கள். அது திரும்ப வராது. அரசு சார்ந்த அமைப்பு வாடகைக்கு விடும் யூ.ஆர். குடியிருப்புகளில் அந்தத் தொல்லை இல்லை. சியோலில் முன்பணம் பெரிது, கோடி வொன்னாவது ஆகும். ஆனால் அது திரும்ப வரும் பணம்.

இதுவரை சியோல்தான் ஜெயிக்கிறது. உங்கள் மகள் பள்ளிக்குப் போகும்போதுதான் கணக்கு மாறும். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய; சி.பி.எஸ்.இ. படிக்க நகரத்தில் இந்தியப் பள்ளிகளும் உண்டு. மற்ற பன்னாட்டுப் பள்ளிகளைவிடக் கட்டணம் மிகவும் குறைவு. சியோலில் பல பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணம் வருஷத்துக்கு 2 கோடி வொன்னைத் தாண்டும். 12 லட்சம் ரூபாய்! மூன்று வருஷம் கட்டினால், மேலே சொன்ன 40 லட்சத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

ஆகவே சியோல் கம்பெனியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பள்ளிக் கட்டணம் தருவீர்களா? எழுத்தில் தந்தால் சியோல். இல்லையென்றால் டோக்கியோ. மகளை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்க்கத் துணிந்தால், அப்போதும் சியோல்தான். ஆனால் ஐந்து வருஷத்தில் திரும்பும் குழந்தையை நான் அப்படிச் சேர்க்கமாட்டேன்.

எங்கே போனாலும் செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறிவிடுங்கள். அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. தீபாவளிக்கு ஊருக்கு வந்து தங்கும் நாட்களும் அதில் சேரும் என்பதால், வர நினைத்தால் இன்னும் முன்னதாகவே கிளம்புங்கள்.