தாரா, பொலேரோவா, இன்னோவாவா? கேரவன் இழுக்க ஏற்ற வண்டி எது?

கேள்வி: வணக்கம் சார். பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் பண்ணுகிறேன். ஓசூரில் ஒருவர் இரண்டு சக்கர கேரவன் டிரெய்லர் (காரின் பின்னால் மாட்டி இழுக்கிற, படுக்க வசதியுள்ள வண்டி) ஒன்றை விற்கிறார், சின்னதுதான், காலி எடை 650 கிலோ என்கிறார். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். இப்போது இருப்பது சின்ன பெட்ரோல் கார். அதைக் கொடுத்துவிட்டு இந்த டிரெய்லரை இழுக்கிற மாதிரி ஒரு வண்டி எடுக்கலாம் என்று திட்டம். மச்சான் தார் வாங்கு என்கிறார், அப்பா பொலேரோவே போதும் என்கிறார், எனக்குப் பழைய இன்னோவா கிரிஸ்டா மேல் ஒரு கண். பல வருஷமாக டிராக்டர் டிரெய்லர் ஓட்டுவதால் ஓட்டுவதில் பயமில்லை. எதை எடுக்கலாம்?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: மச்சானின் யோசனையை முதலிலேயே ஓரம் வைத்துவிடலாம். மூன்று கதவு தாரில் நான்கு பேர்தான் உட்கார முடியும். ஐந்தாவது ஆளைக் கேரவனுக்குள் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் இருக்கவே கூடாது. ஆள் கணக்கை விட்டாலும், தாரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,450 மில்லிமீட்டர்தான். குட்டை வண்டியைப் பின்னால் இருக்கும் பாரம் சுலபமாக ஆட்டிவிடும். ஐந்து கதவு தார் ராக்ஸ் என்றால் கதை வேறு, ஐந்து சீட், 2,850 மில்லிமீட்டர் இடைவெளி, அதைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் வண்டிக்குப் போகுமுன் அந்த 650 கிலோவைப் பார்ப்போம். அது காலி எடை. காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு யாரும் டூர் போவதில்லை. தண்ணீர் டேங்க் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30. இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். அப்புறம் மெத்தை, அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி, அம்மா எடுத்து வைக்கிற அரிசி பருப்பு. சாதாரணமாக 900-ஐத் தொட்டுவிடும், அதனால் 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டே வண்டி தேடுங்கள். விற்பவர் சொல்லும் எடையையும் நம்ப வேண்டாம். கிரானைட் லாரிக்கும் மாம்பழ லாரிக்கும் நம் மாவட்டங்களில் எடை மேடைகளுக்குப் பஞ்சமே இல்லை, பணம் கொடுக்கும் முன் டிரெய்லரை ஒன்றில் ஏற்றிச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு எடையும் உண்டு, இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரின் மூக்கு, அதாவது காரின் கொக்கி உருண்டை மேல் வந்து உட்காரும் பாகம், காரின் பின்பக்கத்தை எவ்வளவு அழுத்துகிறது என்பது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. ஆக உங்களுக்கு 100 கிலோ வரை. இந்த 100 கிலோவைக் கார் தன் முதுகில் சுமக்கிறது, எனவே ஆள், சாமான் ஏற்ற அனுமதித்த எடையில் இதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஏழு சீட் இருக்கிறதே என்று ஏழு பேரையும் ஏற்றி, டிக்கியையும் நிரப்பி, மூக்கையும் மாட்டினால் எந்த வண்டியாக இருந்தாலும் பின்பக்கம் தரையைப் பார்க்கும், முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடி விட்டுப்போகும்.

இப்போது அப்பாவின் பொலேரோவுக்கு வருவோம். உழைப்பாளி வண்டி, தனி சேஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி, பின் சக்கர இழுப்பு, எந்த ஊர்ப் பட்டறையிலும் வேலை பார்ப்பார்கள். 1,000 கிலோவை நகர்த்திவிடும், சந்தேகமில்லை. ஆனால் சக்தி 76 குதிரைதான். வண்டி சுமார் 1,600 கிலோ, ஐந்து பேரும் பையும் 350, டிரெய்லர் 950 என்று வைத்தால் மொத்தம் 2,900, டன்னுக்கு 26 குதிரை. கிரிஸ்டா 2.4 டீசல் 150 குதிரை, அதே ஆள், அதே டிரெய்லரோடு சுமார் 3,150 கிலோ, டன்னுக்குக் கிட்டத்தட்ட 48 வருகிறது. டிரெய்லரே இல்லாத பொலேரோவுக்கு 39-தான். புரிகிறதா? கேரவன் மாட்டிய கிரிஸ்டா, கேரவன் மாட்டாத பொலேரோவைவிடச் சுறுசுறுப்பாக ஏறும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குப் போகிற ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு போக நீங்கள் தயார் என்றால் பொலேரோ எடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. குடும்பத்தோடு தூரமாகப் போகிற ஆசை இருந்தால் வேண்டாம்.

என் ஓட்டு கிரிஸ்டாவுக்கு, அல்லது ஸ்கார்ப்பியோ-என் டீசலுக்கு. இரண்டிலும் ஏணி போன்ற சட்டம் அடியில் ஓடுகிறது, கொக்கியை அந்தச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டலாம், பம்பரில் மாட்டினால் பம்பர்தான் கையோடு வரும். இரண்டும் பின் சக்கர இழுப்பு, மூக்கு எடை அழுத்துவது இழுக்கிற சக்கரத்தின் மேலேயே என்பதால் மண்ணிலும் ஈரத்திலும் பிடிமானம் கூடும். இரண்டிலும் சக்கர இடைவெளி 2,750. கிரிஸ்டா 2.4 மேனுவலின் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, 343 நியூட்டன் மீட்டர், ஸ்கார்ப்பியோ-என் மேல் மாடல்களில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. ஸ்கார்ப்பியோ-என் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள், அடிமட்ட டீசல் மாடலில் 132 குதிரைதான், மேல் மாடல்களில்தான் 175. அதே இன்னோவா பெயரில் வரும் ஹைகிராஸைக் கிரிஸ்டாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது முன் சக்கர இழுப்பு, தனி சேஸ் கிடையாது. ஆள் ஏற்ற அருமையான வண்டி, இந்த வேலைக்கு நான் தேடிப்போக மாட்டேன். விவசாயத்துக்கும் சேர்த்து உதவ வேண்டும், பின்னால் தக்காளி கிரேட் அடுக்க வேண்டும் என்றால் இசுஸு வி-கிராஸ் பிக்கப்பையும் பாருங்கள், 163 குதிரை, 3,095 மில்லிமீட்டர் இடைவெளி, நேர்ரோட்டில் கல் மாதிரி நிற்கும். கிருஷ்ணகிரி டவுனுக்குள் திருப்பும்போது மட்டும் அந்த நீளம் உங்களைத் திட்ட வைக்கும்.

எதை எடுத்தாலும் ஷோரூமில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாடல் எவ்வளவு எடை டிரெய்லர் இழுக்கலாம், பிரேக் உள்ள டிரெய்லருக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு? நம் நாட்டில் பல கம்பெனிகள் இந்த எண்ணைக் கையேட்டில் பளிச்சென்று போடுவதில்லை. "தாராளமா இழுக்கும் சார்" என்று விற்பனைப் பையன் சொல்வது செல்லாது, கம்பெனியிடமிருந்து எழுத்தில் வரட்டும். வெளிநாட்டு மாடலின் எண்ணை இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே இன்ஜின், பிரேக், கூலிங் எல்லாம் வேறாக இருக்கலாம்.

டிராக்டர் அனுபவம் பற்றி. ரிவர்ஸ் எடுப்பதில் நீங்கள் ராஜா, அதில் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை, புதிதாகக் கேரவன் வாங்குபவர்கள் அழுவதே அங்கேதான். ஆனால் டிராக்டர் போவது மெதுவாக. அதே பழக்கத்தில் 80-ல் போகும்போது பின்னால் ஒரு டன் இருப்பது தெரியாது, பிரேக் மிதிக்கும் வரை.

கேள்வி: அந்த மாதிரி சின்ன டிரெய்லரில் பிரேக்கே இல்லையாமே? தொப்பூர் கணவாயில் இறங்குவது எப்படி? லாரி கடந்து போகும்போது டிரெய்லர் ஆடினால் என்ன செய்வது?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோ வரை உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை, அதற்கு மேல் கட்டாயம். நம் மலைச் சாலைகளுக்கு நான் அதையும் தாராளம் என்பேன். பாலக்கோட்டு நண்பர் வாங்க நினைப்பது 1,000 கிலோவைத் தொடும், பிரேக் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

சின்ன டிரெய்லர்களில் வருவது பெரும்பாலும் தள்ளு பிரேக். கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், அந்தத் தள்ளலே மூக்கிலிருக்கும் கம்பியை அமுக்கி டிரெய்லர் சக்கரத்துக்குப் பிரேக் போடும். எளிமையானது, வேலை செய்யும். ஆனால் நீள இறக்கத்தில் தள்ளல் தொடர்ந்து இருப்பதால் டிரெய்லர் பிரேக்கும் தொடர்ந்து உரசிச் சூடாகும். மின்சார பிரேக் என்றால் டிரைவர் கையில் தனிக் கட்டுப்பாடு இருக்கும், விலை கூட.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் ஏன் இத்தனை விபத்து என்று எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது. கேரவனோடு போகிறவர் இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது, தேவைப்பட்டால் இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும், நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இன்ஜின் பிடித்து வைக்கட்டும். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். இதனால்தான் வண்டி பார்க்கும்போது இழுப்பதைவிடப் பிடித்து நிறுத்துவதைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். டிரெய்லரின் சாமானோடு சேர்ந்த எடை காரின் காலி எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்வார்கள். நம் இறக்கங்களுக்கு நான் அறுபதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் சாமானை அடுக்கிய விதம். கனமானதை எல்லாம் பின்னால் போட்டால் மூக்கு லேசாகி வால் ஆடத் தொடங்கும். கனம் அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலும், தரையோடு ஒட்டியும் இருக்கட்டும். ஆட ஆரம்பித்துவிட்டால் பதறிக் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், மின்சார பிரேக் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். வேகம் குறைந்தால் ஆட்டம் அடங்கும். என்.எச். 44-ல் பஸ்ஸும் லாரியும் உரசிப் போகும்போது காற்று முதலில் தள்ளி அப்புறம் இழுக்கும், அது ஓரிரு தடவையில் பழகிவிடும். டிரெய்லரின் அகலத்தைத் தாண்டிப் பார்க்கிற மாதிரி பக்கக் கண்ணாடி இல்லாமல் மட்டும் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: தெரிந்த வெல்டிங் பட்டறையில் பாதி விலைக்குக் கேரவன் டிரெய்லர் செய்து தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?
- ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: அம்மா, இரும்பு வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். பதிவு ஆகாததை ரோட்டில் இழுத்துப் போய் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். டிசைனுக்கு ஒப்புதல் சான்று, விற்பனைச் சான்று இரண்டும் தருகிறவரிடமே வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் அந்தக் காகிதங்களோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய், டிரெய்லர் பதிவு, காரில் கொக்கி மாட்டுவது, உங்கள் லைசென்ஸ் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். காருக்கு வாரண்டி பாக்கி இருந்தால் கொக்கி மாட்டினால் அது நிற்குமா என்பதையும் டீலரிடம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் காரில் டார்க் அதிகமாச்சே, அதில் இழுக்கலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இழுக்கிற பலம் இருக்கிறது, இறக்கத்தில் மோட்டாரே பிடித்து நிறுத்துவதும் நல்ல விஷயம். ஆனால் கேரவன் மாட்டினால் ஒரு சார்ஜில் போகிற தூரம் பாதிக்குப் பாதி குறையும், சார்ஜர் முன்னால் டிரெய்லரோடு நிறுத்த இடமும் இருக்காது, ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். கம்பெனி டிரெய்லருக்கு அனுமதியே கொடுக்காத மாடல்களும் உண்டு. இப்போதைக்கு டீசல்.

கேள்வி: முதல் பயணம் ஒகேனக்கல் போகலாமா?
- ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: முதலுக்கு வேண்டாம். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு அது, யானை குறுக்கே வரும், டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க நேரும். முதலில் கிருஷ்ணகிரி பக்கத்து கே.ஆர்.பி. அணை வரை ஒரு நடை, பிறகு அரூர் வழியாகத் தீர்த்தமலை அடிவாரம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். கை பழகியதும் ஒகேனக்கல் போகலாம், வார நாளில், பகல் வெளிச்சத்தில். ஆடிப்பெருக்கு சமயத்தில் மட்டும் கேரவனோடு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், நிறுத்த இடமும் கிடைக்காது, திருப்ப இடமும் கிடைக்காது.