ஸ்பான்சர் யார், விசா எது? வெளிநாட்டு பிசினஸ் டெவலப்மென்ட் பயிற்சி குறித்த கேள்வி-பதில்

விற்பனை, சந்தைப்படுத்தல், பிசினஸ் டெவலப்மென்ட் ஆகிய துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சி தேடுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் இடத்தை முதலில் பிடித்துவிட்டு விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். தகுதி, காலம், ஊதியம், யார் விண்ணப்பிக்க வேண்டும் என்பன எல்லாவற்றையும் விசாப் பிரிவே முடிவு செய்வதால், தேடலை அங்கிருந்து தொடங்குவதே சரி.

கேள்வி: கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்க நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போதெல்லாம் "நாங்கள் விசா ஸ்பான்சர் செய்வதில்லை" என்றே பதில் வருகிறது. ஸ்பான்சர் செய்யும் நிறுவனங்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

ஸ்பான்சர் என்றதும் அந்த நிறுவனங்களின் மனிதவளத் துறைக்கு வேலைக்கான எச்-1பி விசாவும் அதற்கான வழக்கறிஞர் செலவும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் கடிதத்தை முழுவதும் படிக்காமலே மறுத்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பொருந்துவது ஜே-1 என்னும் பரிமாற்றப் பயிற்சி விசாவின் இன்டர்ன் பிரிவு. அதில் ஸ்பான்சராக இருப்பது பயிற்சி தரும் நிறுவனம் அன்று. அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் அங்கீகாரம் பெற்ற ஓர் இடைநிலை அமைப்பே ஸ்பான்சர். கல்ச்சுரல் விஸ்டாஸ், இன்டர்எக்ஸ்சேஞ்ச் போன்றவை இத்தகைய அமைப்புகள். முழுப் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் உள்ளது; அதில் இன்டர்ன், டிரெய்னி ஆகிய பிரிவுகளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். விசாவுக்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவத்தை வழங்குவதும், பயிற்சிக் காலத்தில் உங்களைக் கண்காணிப்பதும் அந்த அமைப்பின் பொறுப்பு.

ஆகவே நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் "ஸ்பான்சர் செய்வீர்களா" என்று கேட்காதீர்கள். "ஜே-1 விசாவுக்கான ஸ்பான்சர் அமைப்பை நானே அணுகுகிறேன், நீங்கள் பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட்டு, மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்தால் போதும்" என்று எழுதுங்கள். முன்பு மறுத்த நிறுவனங்களில் சிலவாவது இப்போது பேச முன்வரக்கூடும்.

இன்டர்ன் பிரிவுக்கு, அமெரிக்காவுக்கு வெளியே பட்டப்படிப்பில் இருக்க வேண்டும், அல்லது படிப்பை முடித்த 12 மாதங்களுக்குள் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அதிகபட்சக் காலம் 12 மாதங்கள். வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரப் பயிற்சி இருக்க வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர் வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஸ்பான்சர் அமைப்பின் கட்டணம், 220 டாலர் சேவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் பதிவு) கட்டணம், விசாக் கட்டணம், விமானச் செலவு ஆகியவற்றை நிறுவனம் ஏற்காவிட்டால் நீங்களே ஏற்க வேண்டும். உதவித்தொகை இல்லாத இடத்துக்கு இவ்வளவு செலவழித்துப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. பெயர்பெற்ற நிறுவனமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: 2022-இல் பட்டம் முடித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிகிறேன். டெக்சாஸில் 18 பேர் பணிபுரியும் ஒரு சிறு நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஆனால் ஸ்பான்சர் அமைப்பு பயிற்சித் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. "தினமும் 60 வாடிக்கையாளர்களை அழைத்தல், மாதம் 15 டெமோ ஏற்பாடு செய்தல்" என்று நிறுவனம் தெளிவாகத்தானே எழுதியிருந்தது?

தெளிவாக எழுதியதே சிக்கலாகிவிட்டது. பிசினஸ் டெவலப்மென்ட் துறையில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வரியைப் படிக்கும் அதிகாரிக்கு அது ஒரு விற்பனை ஊழியரின் வேலை விவரமாகத்தான் தோன்றும்; பயிற்சியாகத் தோன்றாது. அமெரிக்க ஊழியர் ஒருவரின் இடத்தை நிரப்ப ஜே-1 விசாவைப் பயன்படுத்தக் கூடாது என்பதும், எழுத்தர் பணி 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. வாடிக்கையாளர் பட்டியலைத் தட்டச்சு செய்வது போன்ற வேலைகளும் இந்த 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும்.

பயிற்சித் திட்டத்துக்கான டிஎஸ்-7002 படிவம், பயிற்சியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கற்பீர்கள், யார் எப்படிக் கற்பிப்பார், கற்றதை எப்படி மதிப்பிடுவார், அவருடைய தகுதி என்ன என்று கேட்கிறது. உங்கள் நிறுவனத்தின் அதே வேலையை இப்படி மாற்றி எழுதலாம். முதல் மூன்று மாதங்களில், அமெரிக்காவின் நடுத்தர நிறுவனங்கள் மென்பொருள் வாங்கும் முறையையும், சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருள்) தரவுகளைக் கொண்டு சந்தையைப் பிரித்தறியும் முறையையும் விற்பனை இயக்குநரிடம் கற்றல். கட்ட முடிவில் ஒரு மாநிலத்துக்கான சந்தை அறிக்கையைச் சமர்ப்பித்தல். அடுத்த கட்டத்தில், மூத்த ஊழியரின் வாடிக்கையாளர் அழைப்புகளை உடனிருந்து கவனித்து, பிறகு அவர் மேற்பார்வையில் தாமே பேசி, வாரந்தோறும் அழைப்புப் பதிவுகளைக் கேட்டுத் திருத்தம் பெறுதல். அதன் பிறகு விலை நிர்ணயம், ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, கூட்டாளி நிறுவனங்களுடனான உறவு. தொலைபேசி அழைப்பு இதிலும் இருக்கிறது. ஆனால் எதைக் கற்பதற்காக என்பது இப்போது விளங்குகிறது. எழுதியபடி பயிற்சி நடக்க வேண்டும் என்பதையும் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட பயிற்சிக்கு இடையில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக மதிப்பீடுகளை நீங்களும் மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டு ஸ்பான்சரிடம் தர வேண்டும்.

படிப்பு முடிந்து ஓராண்டைக் கடந்துவிட்டதால் நீங்கள் டிரெய்னி பிரிவில் வருகிறீர்கள். பட்டத்துடன், அமெரிக்காவுக்கு வெளியே அதே துறையில் ஓராண்டு அனுபவம் இதற்குத் தேவை. அது உங்களிடம் இருக்கிறது. அதிகபட்சக் காலம் 18 மாதங்கள். நிறுவனத்தில் 25 பேருக்கும் குறைவாக இருப்பதால், அது முன்பு இத்தகைய பயிற்சியாளர்களை எடுத்ததில்லை என்றால், ஸ்பான்சர் நேரில் சென்று பார்வையிட வேண்டியிருக்கும்; அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

தூதரக நேர்காணலில் "திரும்பி வந்து என்ன செய்வீர்கள்" என்ற கேள்வி அநேகமாக வரும். படிவத்தில் எழுதிய பயிற்சியும் நீங்கள் சொல்லும் பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஜே விசா விண்ணப்பதாரர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்குமாறு 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. "அமெரிக்காவில் செட்டில் ஆகப் போகிறேன்" என்று நண்பர்களிடம் விளையாட்டாக எழுதிய பதிவும் அதிகாரியின் கண்ணில் படும்.

கேள்வி: திருச்சியில் உள்ள ஒரு முகவர், லண்டன் நிறுவனம் ஒன்றின் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை ஆறு லட்சம் ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். நம்பலாமா?

கூடாது. உரிமம் பெற்ற நிறுவனம் விசாவுக்காக வழங்கும் அந்தச் சான்றிதழ் விற்பனைக்குரிய பொருள் அன்று. பிரிட்டனில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பதிவேட்டை அந்நாட்டு அரசே வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இருப்பது மட்டும் போதாது. ஸ்கில்டு வொர்க்கர் என்னும் வேலை விசாவுக்கான பொது ஊதிய வரம்பு 2025 ஜூலை 22 முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பணிவாழ்வைத் தொடங்குபவர்களுக்கு 33,400 பவுண்டு. இவ்வளவு ஊதியத்தை ஒரு பயிற்சியாளருக்குத் தருவதாக நிறுவனம் சொன்னால், அதன் காரணத்தை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பயிற்சிக்கென்றே உள்ளது அரசு அங்கீகரித்த பரிமாற்றத் திட்ட விசா. திட்டத்தைப் பொறுத்து 12 அல்லது 24 மாதங்கள் தங்கலாம். இதிலும் ஸ்பான்சர் ஒரு பொது அமைப்பே. தனி நிறுவனம் வேறு பிரிவில் உரிமம் வைத்திருந்தாலும் இந்த விசாவுக்கு நேரடியாக ஸ்பான்சர் செய்ய முடியாது. ஆகவே "நிறுவனமே தருகிறது" என்று முகவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே அவரை அளந்துவிடலாம்.

உங்களுக்கு 18 முதல் 30 வயதுக்குள் இருந்து, பட்டமும் 2,530 பவுண்டு சேமிப்பும் இருக்குமானால், 2023 பிப்ரவரியில் தொடங்கிய இந்திய இளம் தொழில்வல்லுநர் திட்டத்தையே முதலில் முயலுங்கள். ஆண்டுக்கு 3,000 இடங்கள், குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை, ஸ்பான்சரும் தேவையில்லை. பெயர் வந்தால் 24 மாதங்கள் அங்கே தங்கி எந்த நிறுவனத்திலும் பணியாற்றலாம். குலுக்கல் ஓரிரு நாட்களே திறந்திருக்கும் என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முகவரால் இதில் உங்கள் வாய்ப்பை ஓர் இம்மியும் கூட்ட முடியாது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வணிக நிர்வாகப் பட்டம் முடித்தவன். பிரிட்டனின் அந்தக் குலுக்கல் இலங்கையருக்கும் உண்டா? இல்லையென்றால் அவுஸ்திரேலியா சரிவருமா?

அந்தத் திட்டம் இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. அவுஸ்திரேலியாவில் 407 என்னும் பயிற்சி விசா இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வரை தங்கலாம். நிறுவனம் ஸ்பான்சராக அங்கீகாரம் பெறுதல், பயிற்சிக்கு உங்கள் பெயரை முன்மொழிதல், நீங்கள் விசாவுக்கு விண்ணப்பித்தல் என இதற்கு மூன்று படிகள் உண்டு. படிப்பு முடித்த கையோடு விண்ணப்பிப்பதைவிட, உள்ளூரில் ஓராண்டு விற்பனை அனுபவம் பெற்று விண்ணப்பிப்பது நல்லது. ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் அங்கே 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம். கொடுத்தவரின் விசாவும் ரத்தாகலாம்.

கேள்வி: பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி. ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் விசா எளிதா?

மாணவியாக இருக்கும்வரை ஓரளவு எளிது. நான்கு பருவங்களை முடித்த வெளிநாட்டு மாணவர்கள் தம் பாடத்தோடு தொடர்புள்ள பயிற்சியை 12 மாதங்கள் வரை அங்கே செய்யலாம். இதற்கு ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் பிரிவான இசட்ஏவி ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் கடிதம் கையில் வந்த பிறகே விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பட்டம் வாங்கிவிட்டால் இந்த வழி அடைபடும். அதன் பிறகு, படிப்பு முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பெறக்கூடிய, ஆறு மாதங்களுக்கு மிகாத ஐரோப்பிய ஒன்றியப் பயிற்சி அனுமதி மட்டுமே எஞ்சும். ஆகவே இறுதிப் பருவத்துக்கு முன்பே தொடங்குங்கள். வாடிக்கையாளரோடு பேசும் பணி என்பதால் ஜெர்மன் மொழி தெரியாமல் இடம் கிடைப்பது கடினம். ஏற்றுமதிப் பிரிவில் ஆங்கிலமும் தமிழும் இந்தியும் அறிந்தவருக்குச் சிறிது வாய்ப்புண்டு.

கேள்வி: சிங்கப்பூரில் என் தாய்மாமா வணிக நிறுவனம் நடத்துகிறார். ஆறு மாதங்கள் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். டூரிஸ்ட் விசாவில் போகலாமா?

போகக் கூடாது, மாட்டினால் உங்களைவிட அவருக்கே சேதம் அதிகம். நிர்வாகப் பணிகளுக்கான பயிற்சி அனுமதிக்கு அவருடைய நிறுவனமே மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாத ஊதியம் குறைந்தது 3,000 சிங்கப்பூர் டாலர், காலம் மூன்று மாதங்கள், நீட்டிப்பு இல்லை. ஆறு மாதக் கணக்கு இதில் நடக்காது.

கேள்வி: தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்" பயிற்சி என்று டெலிகிராமில் அழைப்பு வந்தது. பத்து நிமிட நேர்காணலிலேயே தேர்வாகிவிட்டேன். இறங்கியதும் விசா தருவதாகவும் டிக்கெட்டை அவர்களே அனுப்புவதாகவும் சொல்கிறார்கள். பதிவுக் கட்டணமாக 40,000 ரூபாய் கட்டிவிட்டேன். போகலாமா?

போகாதீர்கள். இதைப் போன்ற பதவிப் பெயரைக் குறிப்பிட்டு இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. அப்படிச் சென்றவர்கள் பலர் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. தாய்லாந்தில் முறையாகப் பணிபுரிய நான்-இமிகிரன்ட் பி விசாவும் பணி அனுமதியும் தேவை. விமான நிலையத்தில் இறங்கியதும் தரப்படும் சுற்றுலா விசா அதற்குச் செல்லாது.

இடையில் முகவர் யாராவது இருந்தால், அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். உங்கள் பணத்தைப் பொறுத்தவரை, பரிவர்த்தனை எண், உரையாடல் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். விரைவில் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது. பாஸ்போர்ட் நகலை அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.